மறு: லிம்போமாவுக்கு ‘தொற்று நிணக்கழலை’ சரிவருமா?

> நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பெரியவர்களிடம் வைரஸ் தொடர்பாக வரும், நிணநீர்த் தொகுதிப் புற்றான லிம்போமாவுக்கு ‘தொற்று நிணக்கழலை’ என்று வைக்கலாம். சுருக்கமாகவும் இருக்கிறது.

மாஸ்டர், வணக்கம்.

சுருக்கம் எனக்கும் பிடித்ததுதான். ஆனால் நம் மருத்துவச் சொற்பட்டியலுக்கு நீங்கள் தந்த அந்தச் சொல்லின் மூன்று துண்டோடும் எனக்கு வழக்கு இருக்கிறது.

முதலில் ‘தொற்று’. நம் கிளினிக் பலகைகளில் புற்றுநோயும் நீரிழிவும் ‘தொற்றா நோய்கள்’. அதே சனத்தின் கையில் தொற்றுகிற புற்று என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரியும், நான் கொடுத்தவள். சிறுநீரக மாற்று செய்தவர்களுக்காக வவுனியாவில் ஒரு துண்டுப்பிரசுரம் மொழிபெயர்த்தபோது, ‘வைரஸ் தொற்றால் வரும் புற்று’ என்று எழுதிவிட்டேன். அடுத்த மாதம் ஓர் அம்மா வந்து, மகனுடைய கோப்பை தட்டெல்லாம் புறம்பாக வைத்துவிட்டோம், பேரப்பிள்ளையைக் கிட்ட விடுவதில்லை, இது போதுமா என்று கேட்டார். மகனுக்கு அந்த நோயே இல்லை.

இந்தப் புற்றோடு பெரும்பாலும் தொடர்புபடும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் 1964இல் கண்டுபிடிக்கப்பட்டது. வளர்ந்தவர்களில் 90 வீதத்துக்கு மேற்பட்டவர்களின் உடம்பில் இருக்கிறது; இந்தக் குழுவிலும் அநேகமாக எல்லோரிடமும். பி அணுக்கள் என்ற வெள்ளை அணுக்களுக்குள் அது சும்மா கிடக்கும், இன்னொரு வகை வெள்ளை அணுக்களான டி அணுக்கள் அதை அடக்கி வைத்திருக்கும். மாற்றிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் போன்ற மருந்து கொடுக்கும்போது, டி அணுக்களின் பிடியும் விடுபடுகிறது. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்வரை மண்ணுக்குள் இருக்கும் புல்விதை தலைகாட்டாது, வாய்க்கால் வற்றினால் நெல்லை முந்திக்கொண்டு வரும் அல்லவா? இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற எவருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். புதிதாக ஒன்றும் வந்து தொற்றவேண்டியதில்லை. மருந்தின் அளவைக் குறைத்தாலே சிலருக்கு இந்தப் புற்று சுருங்கிவிடுவதும் இதனால்தான்.

அடுத்தது ‘கழலை’. கழலை என்றால் கைக்குத் தட்டுப்படவேண்டும். 1994இல் அறியப்பட்ட எட்டாம் மனித ஹெர்பீஸ் வைரஸோடு வரும் ஒரு வகையில் பெரும்பாலும் கட்டியே இராது. நெஞ்சறையிலோ வயிற்றறையிலோ நீர் கட்டும், புற்றணுக்கள் அந்த நீருக்குள் இருக்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மூளையில் வரும் வகையையும் தடவிப் பார்க்க முடியாது.

‘நிணம்’ பற்றி ஒரு சொல். தனியே நின்றால் அது கொழுப்பு. ‘நீர்’ சேர்ந்தால்தான் நாம் சொல்ல வருவது. அதை வெட்டவேண்டாம்.

இன்னொருவர் முன்பு தந்த ‘எதிர்ப்புச் சக்திக் குறைபாட்டுப் புற்று’ பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் ‘குறைபாடு’ என்று கேட்டதும் இங்கே ஆட்களுக்கு எயிட்ஸ்தான் நினைவுக்கு வரும். மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு அது குறைபாடும் அல்ல, மருத்துவர் வேண்டுமென்றே தளர்த்திவிட்டது. ஆகவே என் முன்மொழிவு: ‘எதிர்ப்புத்தளர்வு நிணநீர்ப்புற்று’. வைரஸ் உறுதியானால் மட்டும் முன்னால் ‘வைரஸ்சார்’ சேர்க்கலாம். மாற்று சிகிச்சைக்குப் பின் வருவதில் வைரஸ் காணப்படாதவையும் உண்டு.

—

> என் முன்மொழிவு: ‘எதிர்ப்புத்தளர்வு நிணநீர்ப்புற்று’

தங்கச்சி, கழலையை நான் மீளப் பெறுகிறேன். நீர் கட்டும் வகை எனக்குத் தெரியாது. ஆனால் ‘எதிர்ப்புத்தளர்வு’ என்றால் முல்லைத்தீவில் என் மாணவர்கள், ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் குறைந்துவிட்டது என்று நினைப்பார்கள். நோய் எதிர்ப்புச் சக்திக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிற ‘நிர்ப்பீடனம்’ என்ன பாவம் செய்தது? ‘நிர்ப்பீடனத் தளர்வு’ என்று வையுங்கோ.

—

மாஸ்டர், சிரித்துவிட்டேன், நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நிர்ப்பீடனம் உயர்தரம் படித்த பிள்ளைக்குத்தான் விளங்கும், அந்த அம்மாவுக்கு விளங்காது. ‘நோயெதிர்ப்புத்தளர்வு’ என்று ‘நோய்’ சேர்த்தால் ஆர்ப்பாட்டக்காரர் விலகிவிடுவார்கள். சொற்பட்டியலில் ‘நிர்ப்பீடனத் தளர்வு’ என்பதையும் பக்கத்தில் போடுகிறேன். திருத்திய பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது’ என்ற வரியை இந்தமுறை முதலாவதாகவே வைத்திருக்கிறேன். வேறு ஆட்சேபம் இருந்தால் வியாழனுக்கு முன் எழுதுங்கள்.