கிராபிக்ஸ் கார்டு: 3060 12 ஜிபியா, 4060 8 ஜிபியா? அவசரம், நாளைக்கு நாகர்கோவில் போகிறேன்

மார்த்தாண்டம் கட்டர்:
எடிட்டிங் மெஷினுக்குக் கார்டு மாற்ற வேண்டும். டைம்லைனை நகர்த்தினால் அப்படியே உறைந்து நிற்கிறது. வடசேரியில் ஒரு கடையில் என்விடியாவின் பழைய ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி மெமரியோடு இருக்கிறது. கொஞ்சம் மேலே போட்டால் புது 4060 கிடைக்கும். எது நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை ரிசப்ஷனுக்கு ஹைலைட் வீடியோ ஓட்டியாக வேண்டும்.

தக்கலை தம்பி:
என்ன ப்ராசசர், என்ன போர்டு, பவர் சப்ளை எத்தனை வாட், எந்த சாஃப்ட்வேர்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் எப்படி அண்ணே?

12ஜிபி பக்தன்:
கண்ணை மூடிக்கொண்டு 3060. மெமரிக்குப் போகும் பாதை, அதாவது பஸ், 192 பிட்; நொடிக்கு 360 ஜிபி போகும். 4060-இல் 128 பிட், 272தான். 2021-இல் 12 கொடுத்துவிட்டு 2023-இல் 8 கொடுத்தால் அதற்குப் பேர் புதுத் தலைமுறையா?

ஃப்ரேம் ராஜா:
பஸ்ஸை மட்டும் எண்ணாதீர்கள். 4060-இல் எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 24 எம்பி, 3060-இல் 3 எம்பி. மெமரிக்கு ஓடுகிற ஓட்டமே குறைந்துவிடும். 3060-க்கு 170 வாட், இதற்கு 115. ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு இருக்கிறது, அது 3060-க்குக் கிடையாது.

12ஜிபி பக்தன்:
பொய் ஃப்ரேம். தாலி கட்டுகிற இடத்தில் என்விடியா நடுவில் ஒரு ஃப்ரேம் வரைந்து செருகுமா?

ஃப்ரேம் ராஜா:
அது கேமுக்கு. எடிட்டிங்குக்கு என்று நான் சொல்லவே இல்லை.

12ஜிபி பக்தன்:
அப்புறம் எதற்கு இங்கே கொண்டுவந்தீர்கள்?

கோட்டாறு சீனியர்:
மக்களே, கார்டைப் பார்க்கும் முன் போர்டைப் பார் என்று 1060 வந்த காலத்திலிருந்து சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்? கார்டுக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா ஓடும் பாதைதான் லேன், 4060-க்கு எட்டுதான். பழைய, மெதுவான பிசிஐஇ 3 ஸ்லாட் உள்ள போர்டில் போட்டால், 8 ஜிபி நிறைந்ததும் அடிவாங்கும். 3060-க்குப் பதினாறு லேன். இதெல்லாம் அடிப்படை.

குளச்சல் கரைக்காரன்:
லேன் கிடக்கட்டும். பழைய கார்டு என்றால் எந்த ஊரில் ஓடியது என்று கேளுங்கள். கடலோர வீட்டில் ஓடியதென்றால் எச்டிஎம்ஐ துளையிலும் பிராக்கெட் ஸ்க்ரூவிலும் துரு தெரியும். இங்கே ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. காய நேரமே கிடையாது.

12ஜிபி பக்தன்:
துருவை விடுங்கள், கிரிப்டோ மைனிங்கில் ஓடியதா என்று பாருங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும் சந்தைக்கு வந்தவை எத்தனையோ.

குளச்சல் கரைக்காரன்:
மைனிங் கார்டாவது ஒரே சூட்டில் ஓடியிருக்கும். உப்பு விடாது. எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள்.

மார்த்தாண்டம் கட்டர்:
ஐ5 12400எஃப், எச்610 போர்டு, 16 ஜிபி ராம், இப்போது இருக்கும் கார்டு 1650. பவர் சப்ளை 550. பிரீமியர். கேமரா சோனி, 4கே.

கோட்டாறு சீனியர்:
எச்610-இல் கார்டுக்கு அதைவிட வேகமான பிசிஐஇ 4 உண்டு, அப்போது லேன் பிரச்சினை இல்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு டைப் செய்யும் வேலை மிச்சம்.

இரணியல் ஸ்டுடியோ:
தம்பி, கேமராவில் 4:2:2 (நிற விவரத்தை அதிகமாகப் பதிவது) 10 பிட் வைத்திருக்கிறீர்களா? வீடியோவைச் சுருக்கும் முறை எச்.264-ஆ, எச்.265-ஆ?

மார்த்தாண்டம் கட்டர்:
ஆமாம் அக்கா, 4:2:2. எச்.265. கலர் நன்றாக வரும் என்று வைத்தது.

இரணியல் ஸ்டுடியோ:
அப்படியானால் இரண்டு கார்டும் வேண்டாம். 4:2:2-வை 30 வரிசையும் (3060) ஹார்டுவேரில் டிகோட் செய்யாது, அதாவது கார்டே திறந்து காட்டாது, 40 வரிசையும் (4060) செய்யாது. முழுச் சுமையும் ப்ராசசர் தலையில்தான். என்விடியாவில் 50 வரிசையில்தான் அது வந்தது. இன்டெலின் உள் கிராபிக்ஸ் எச்.265 4:2:2-வைச் செய்யும், ஆனால் உங்களுடையது எஃப் ப்ராசசர், அந்தப் பகுதியே இல்லை. எஃப் இல்லாத 12400 கிடைத்தால் இதே போர்டில் உட்காரும். பயாஸில் உள் கிராபிக்ஸை ஆன் செய்ய வேண்டும். கார்டே வாங்குவதானால் 5060 பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இதெல்லாம் வேண்டாம். இன்று ராத்திரியே ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் லேசான நகல், போட்டுவிட்டுப் படுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு எச்.265-லேயே நிற விவரம் குறைந்த 4:2:0 வைத்து எடுங்கள், 1650-ஏ திறக்கும். 10 பிட் அப்படியே இருக்கும். பச்சைத் திரை வேலை இல்லையென்றால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

கோட்டாறு சீனியர்:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

தக்கலை தம்பி:
எங்கே அண்ணாச்சி சொன்னீர்கள்?

ஃப்ரேம் ராஜா:
5060-இலும் 8 ஜிபிதான். பக்தர் வருவார் பாருங்கள்.

12ஜிபி பக்தன்:
வந்துவிட்டேன். வெட்கமே இல்லாமல் அடுத்த தலைமுறையிலும் 8.

மார்த்தாண்டம் கட்டர்:
ப்ராக்ஸி போட்டேன், ஓடுகிறது. கார்டு வாங்கவில்லை. நன்றி அக்கா.

தக்கலை தம்பி:
அண்ணே, அந்த 3060 எந்தக் கடையில்? எனக்குக் கேமுக்குத்தான்.

குளச்சல் கரைக்காரன்:
ஸ்க்ரூவைப் பார்த்துவிட்டு வாங்கு.