லாக்டு குரூவ்: தமிழில் என்ன சொல்? (நாளை வகுப்பு!)

குழுவினருக்கு வணக்கம். நாளை காலை ஒலிப்பதிவு வகுப்பு. பியர் ஷேஃபர் 1948-இல் பிரெஞ்சு வானொலிக்காகச் செய்த ரயில் இசைதான் பாடம். பாரிஸ் பாட்டினியோல் நிலையத்தில் பதிந்த எஞ்சின் சத்தமும் விசிலும் தடதடப்பும்தான் அதில் வாத்தியம். அக்டோபர் 5 அன்று ஒலிபரப்பானது. மூன்று நிமிடம் போல ஓடும். அப்போது அவருக்கு டேப் கிடையாது, இசைத்தட்டுதான். தட்டின் பள்ளம் சுருளாக உள்ளே போகாமல், தன் வாலைத் தானே பிடிக்கும்படி வெட்டுவார். அதில் விழுந்த ஊசி வெளியே வராது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டில் ஒரு சுற்று முக்கால் நொடி; அந்த முக்கால் நொடிச் சத்தமே திரும்பத் திரும்ப. இந்தப் பள்ளத்துக்குத்தான் லாக்டு குரூவ் என்று பெயர். தமிழில் 'பூட்டிய பள்ளம்' என்று எழுதிப் பார்த்தேன். கிணற்றுக்கு மூடி போட்டதுபோல் இருக்கிறது.
- ம.

இதற்கா தவிப்பு? அந்தாதியில் கடைசிச் சொல் முதல் பாட்டின் முதல் சொல்லோடு போய்ச் சேருவதை மண்டலித்தல் என்கிறோம். அபிராமி அந்தாதி 'உதிக்கின்ற' என்று தொடங்கி, நூறாம் பாட்டில் அங்கேயே வந்து நிற்கிறது. ஆகவே 'மண்டலத் தடம்'.
- இரா.

ஐயா, மண்டலம் என்றால் பிள்ளைகள் நாற்பத்தெட்டு நாள் விரதத்தை நினைப்பார்கள், இல்லையென்றால் காற்றழுத்தத் தாழ்வை. ஊரில் ஏற்கெனவே சொல் இருக்கிறதே: கீறல் விழுந்த ரெக்கார்டு.
- கோ.

அது பழுது, கோ. இவர் வேண்டுமென்றே வெட்டியது.
- ம.

பள்ளம் எதற்கு? ஏர் கீறும் 'சால்' இருக்கிறது. விளாக் கோலி, அதாவது வயலை வளைத்து வளைத்து உழும்போது சால் சுற்றிச் சுற்றி உள்ளே வரும். சாதாரண இசைத்தட்டு அதுதான். எங்கள் தாத்தாவின் செக்கடியில் மாடு நடந்து நடந்து கணுக்கால் ஆழத்துக்கு வட்டமாகக் குழி விழுந்திருந்தது. அது எங்கேயும் போகாது. ஆகவே 'செக்குச்சால்'. அப்புறம், சால்பு என்பதும் இந்தச் சாலிலிருந்து வந்ததுதான் என்பது என் கட்சி.
- பொ.

சால்பு நிறைவைக் குறிக்கும் சால் என்ற வினையிலிருந்து வந்தது. உழவுச் சால் வேறு. தயவுசெய்து கலக்காதீர்கள்.
- இரா.

கவலையில் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் வாளியும் சால்தானே? அது நிறையுமே!
- பொ.

கவலைக்குத் தனி இழை தொடங்குங்கள், எனக்கு இங்கே வேறு கவலை. மணி பதினொன்றே முக்கால். செக்கு என்றால் வகுப்பு சிரிக்கும். 'சுற்றுச்சால்' என்று போட்டு, முதல் தடவை மட்டும் பக்கத்தில் லாக்டு குரூவ் என்று எழுதிவிடுகிறேன். கோ.வும் இன்னும் இருவரும் சரி என்றுவிட்டார்கள்.
- ம.

நான் சரி என்று சொல்லவில்லை, தூங்கப் போகிறேன் என்றேன்.
- கோ.

எல்லாச் சாலும் சுற்றத்தான் செய்கிறது. பூட்டியதற்கும் பூட்டாததற்கும் இதில் என்ன வேறுபாடு? மண்டலத் தடம் என்றே நான் எழுதுவேன்.
- இரா.