மறு: ‘கான் மேன்’: ‘எத்தர்’ போதுமா?

வணக்கம். ‘கான் மேன்’, அதாவது நம்பவைத்து ஏமாற்றும் ஆள், என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

> ‘நம்பிக்கை மோசடியாளர்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா, அந்தப் பெயர் ஏற்கெனவே கோர்ட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

‘கான்’ என்பது ‘கான்ஃபிடன்ஸ்’ என்ற சொல்லின் தலைப்பகுதி மட்டும். நியூயார்க்கில் வில்லியம் தாம்சன் என்று ஒருவர், நன்றாக உடுத்திக்கொண்டு, வழியில் போகும் வசதிக்காரர்களிடம் பழைய சிநேகிதர் போலப் பேச்சுக் கொடுப்பார். அப்புறம், “என்மேல் நம்பிக்கை இருந்தால் உங்கள் கடிகாரத்தை நாளைவரை என்னிடம் கொடுத்து வைப்பீர்களா?” என்பார். கொடுத்தார்கள்! 110 டாலர் தங்கக் கடிகாரத்தை அப்படி இழந்த ஒருவர் பிறகு அவரைத் தெருவில் பார்த்துவிட, 1849 ஜூலையில் பிடிபட்டார். ‘நியூயார்க் ஹெரால்டு’ அவரை ‘கான்ஃபிடன்ஸ் மேன்’ என்று எழுதியது.

எங்கள் வண்ணாரப்பேட்டைத் தெருவில் தீபாவளிச் சீட்டு பிடித்த அம்மா ஒருவர் நாலு வருஷம் பட்டாசு, ஸ்வீட், வெள்ளிக்காசு என்று கணக்குத் தப்பாமல் கொடுத்தார். ஐந்தாம் வருஷம் கம்பி நீட்டிவிட்டார். என் தாயார் வாராவாரம் அவர் வீடு தேடிப் போய்ப் பணம் கட்டியவர். அந்த அம்மா ஆரம்பத்திலேயே சுருட்டும் எண்ணத்தோடு வாங்கியிருந்தால் அது ஏமாற்றுதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 420. நேர்மையாக வாங்கி வைத்ததைப் பிறகு விழுங்கியிருந்தால் நம்பிக்கை மோசடி, அதே சட்டத்தில் பிரிவு 406. 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 318, 316 ஆகிவிட்டன. எங்கள் தெருவுக்கு அந்த அம்மா இன்னும் ‘ஃபோர் ட்வென்டி’தான்.

தாம்சன் முதல் ரகம். அவருக்கு இரண்டாம் ரகத்தின் பெயரைச் சூட்டினால் வக்கீல்கள் சிரிப்பார்கள்.

‘டுபாக்கூர்’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் ஆளையும் அப்படிச் சொல்கிறோம், மட்டமான சார்ஜரையும் அப்படித்தான் சொல்கிறோம்.

என் ஓட்டு ‘எத்தர்’. ‘எத்தனுக்கு எத்தன்’ என்று பேச்சில் இருப்பதுதானே? ‘அர்’ விகுதி போட்டால் ஆண், பெண் இருவருக்கும் ஆகும், சீட்டுக்கார அம்மா உட்பட. செயலுக்கு மட்டும் ‘எத்து’ என்று வைக்காதீர்கள். சென்னைப் பேச்சில் அது ‘உதை’; வியாசர்பாடியில் போய் ‘எத்து’ என்றால் பந்து பறக்கும். ‘எத்துவேலை’ என்றால் குழப்பம் இல்லை.

இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.