‘ஓவர் எக்ஸ்போஷர்’ என்பதைத் தமிழில் எழுத உதவி வேண்டும்

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். எக்ஸ்ரே பிரிவில் பயிற்சி பெறும் மாணவர்களுக்கான தமிழ்க் கையேடு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். அதில் ‘ஓவர் எக்ஸ்போஷர்’ என்ற சொல் இரண்டு வேறுபட்ட பொருள்களில் வருவதால், உங்கள் உதவியை நாடுகிறேன்.

முதலாவது, படத்தைப் பற்றியது. படச்சுருளில் கதிர் தேவைக்கு மேல் விழுந்தால் எக்ஸ்ரே படம் கறுத்துவிடும். ஆனால் கேமராவில் எடுக்கும் டிஜிட்டல் படமோ ஒளி மிகுந்தால் வெளுத்து, அந்தப் பகுதியின் நுணுக்கங்கள் மீட்க முடியாதபடி அழிந்துவிடும். ஆகவே ‘வெளுத்துப்போதல்’ என்ற வழக்குச்சொல் எக்ஸ்ரேவுக்கு நேர்மாறான பொருளைத் தந்துவிடும்.

இரண்டாவது, மனித உடலைப் பற்றியது. இந்தப் பொருளில் பிழை நேர்ந்தால் ஆபத்து அதிகம். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் பெறக்கூடிய அளவு, தொடர்ந்து 5 ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்றும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வரையறுத்துள்ளது. இவ்வரம்பை மீறுவதையே இச்சொல் இங்கே குறிக்கிறது. பலரும் எழுதும் ‘மிகை வெளிப்பாடு’ என்பதைப் படிக்கும் மாணவர், கருவியிலிருந்து கதிர் கசிவதாகவே எண்ணக்கூடும். மனித உடல் அதற்கு ஆளாவது அதில் தெரிவதில்லை என்பதால் அதை ஏற்க எனக்கு மனமில்லை.

‘அளவுமீறிய கதிர்வீச்சுக்கு உள்ளாதல்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். மருத்துவமனைகளில் பணிபுரிவோர் இவ்விரு பொருள்களுக்கும் நடைமுறையில் என்ன சொல்கிறார்கள் என்பதை, முடிந்தால் ஒரு முழு வாக்கியத்தோடு, தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.