குற்றம் பார்க்கும் கண்ணும் சுற்றத்தாரின் படங்களும்

வெள்ளவத்தைக் கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், ஒருவர் பாவித்துவிட்டு விற்ற டிஎஸ்எல்ஆர் கமரா ஒன்றை, அதனுடன் வரும் வழக்கமான 18–55 மில்லிமீற்றர் லென்ஸோடு வாங்கினேன். அதுவரை வீட்டில் எவர் எந்தக் கைபேசியில் எடுத்த படத்தையும் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்த நான், ஒளி, குவியம், நிறம் என்று ஒவ்வொன்றாகக் கற்கக் கற்க, ஒரு படத்தையும் நிம்மதியாகப் பார்க்க முடியாதவனாக மாறிவிட்டேன். மனைவி பிறந்தநாள் படத்தைக் காட்டினால், கேக்கையும் பிள்ளையின் சிரிப்பையும் விட்டுவிட்டு, சுவரில் விழுந்த பிளாஷின் நிழலைத்தான் என் கண் முதலில் பிடிக்கிறது. குடும்பக் குழுவில் தங்கை அனுப்பும் படங்களுக்கு இப்போது நான் பதிலே எழுதுவதில்லை.

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தொடர்மாடியின் பல்கனியில் என் தாயார் ஏழு வயது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். மூன்று படங்கள் எடுத்தேன். மூன்றிலும் முகங்கள் தெளிவாக இல்லாமல், அவர்களுக்கு முன்னால் கொடியில் காய்ந்த துவாயின் நூல்தான் ஒவ்வொன்றாக எண்ணும் அளவுக்குத் தெளிவாக விழுந்திருந்தது. உடனே மூன்றையும் அழித்துவிட்டு, துவாயை எடுத்து உள்ளே போட்டு, பின்னலை அவிழ்த்து மறுபடியும் பின்னும்படி அம்மாவைக் கேட்டேன். அம்மா மறுக்காமல் அவிழ்த்தார். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இரண்டாம் முறை எடுத்தவை குறையற்றவை. ஆனால் இரவு மனைவி அவற்றைப் பார்த்துவிட்டு, "இதில் மாமி வேறு யாருடைய பிள்ளைக்கோ தலை பின்னுவதுபோல இருக்கிறார்" என்றார்.

கற்றுக்கொண்டதைத் திருப்பி மறக்க முடியாது. தரம் பார்ப்பது தவறென்றும் எனக்குத் தோன்றவில்லை. இந்த நிலையைக் கடந்து வந்தவர்கள் இருந்தால், அன்றாட வீட்டுப் படங்களில் எதைக் கண்டுகொள்கிறீர்கள், எதை விட்டுவிடுகிறீர்கள் என்று எழுதினால் நன்றாயிருக்கும்.

மின்பொறி எழுதியது:

முதலில் அவசரமான ஒன்று. அழித்த மூன்று படங்களும் அநேகமாக அந்த நினைவட்டையில்தான் இன்னும் கிடக்கின்றன. அழித்தல் என்பது, அந்த இடம் காலியாக இருக்கிறது என்று அட்டையின் பட்டியலில் குறித்துவிடுவது மட்டுமே. அதன்மேல் புதிய படம் எழுதப்படும்வரை பழையது அங்கேயே இருக்கும். ஆகவே அந்த அட்டையில் இனி ஒரு படமும் எடுக்காமல் வெளியே எடுத்து வையுங்கள். கணினியில் மீட்பு மென்பொருள் ஒன்றைப் போட்டுத் தேடினால், பெரும்பாலும் அப்படியே கிடைக்கும்.

அடுத்தது துவாய். குவியப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கமராவிடமே விட்டுவிட்டால், அநேகமாக அது தனக்கு மிக அருகில் உள்ள பொருளையே பிடித்துக்கொள்ளும். உங்கள் பல்கனியில் மிக அருகில் இருந்தது துவாய். அதைக் கமரா சரியாகவே பிடித்திருக்கிறது. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அந்தப் புள்ளியைக் கண்ணில் வைத்துப் பழகினால் துவாய் கொடியிலேயே இருக்கலாம்.

வீட்டுக்குள் எடுப்பவை மங்குவதற்கும் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஒற்றை ரியூப் லைற் எரியும் அறையில், லென்ஸின் ஒளித்துளையை 3.5இல் வைத்து (எண் கூடினால் துளை சிறிது), ஷட்டர் செக்கனின் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும்படி எடுக்க, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ ஏறத்தாழ 3200 தேவைப்படும். சற்று நெருக்கி எடுக்க 55 மில்லிமீற்றருக்குச் சென்றால் துளை 5.6 ஆகச் சுருங்கிவிடும். ஒளி இன்னும் குறையும். பழைய 50 மில்லிமீற்றர் 1.8 லென்ஸ் ஒன்று கிடைத்தால், அது 3.5 துளையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கும், 5.6 துளையைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கும் ஒளியை உள்ளே விடும். நூறில் ஒரு பங்கு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், சோக் போட்ட ரியூப் லைற் செக்கனுக்கு 100 தடவை மங்கித் துலங்குகிறது. அதைவிட வேகமான ஷட்டரில் எடுத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது நீலமாகவும் வரும், சிலவேளை குறுக்கே பட்டையும் விழும். தலை பின்னக் கொடுத்துவிட்டு அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு நூறில் ஒரு பங்கு போதும். ஓடும் பிள்ளையை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம். வெளியே கூட்டிச் செல்லுங்கள்.

கடைசியாக, கணினியில் 100 வீதம் பெருப்பித்துப் பார்ப்பதை நிறுத்துங்கள். 24 மெகாபிக்சல் படம் 6000 புள்ளி அகலம் கொண்டது. சாதாரணத் திரையில் அதை முழு அளவில் விரித்தால் ஐந்தடிக்கு மேல் அகலமான பதாகைக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று குற்றம் தேடுவதற்குச் சமம். நான்குக்கு ஆறு அங்குல அச்சுக்கு 1800க்கு 1200 புள்ளிகள் போதும்; அது இரண்டு மெகாபிக்சலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தங்கையின் படங்கள் மங்கித் தெரிவதற்கும் பாதிக் காரணம் கைபேசியன்று, வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதுதான். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்; மூலப் படம் அப்படியே வந்து சேரும்.

மூன்றாம் மாடி எழுதியது:

மின்பொறி கமராவைத் திருத்திவிட்டார். நான் கமராவுக்குப் பின்னால் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்த இரண்டு ஆண்டுப் படங்களில் நீங்கள் எத்தனையில் இருக்கிறீர்கள்?

என் கணவருக்கும் இதே பழக்கம் உண்டு. கமராவை வேறொருவர் கையில் கொடுத்தால் சரிவாக எடுப்பார்கள், தலையை வெட்டிவிடுவார்கள் என்று அவரே எல்லாவற்றையும் எடுப்பார். மகனின் முதல் ஐந்து ஆண்டுகளின் தொகுப்பைப் புரட்டினால், தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் வீடு என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவர் இருக்கும் படங்கள் முழுவதும் நான் சமையலுக்கு நடுவே கைபேசியில் எடுத்தவை. அவற்றில் பலவற்றை அவரே பின்னர் தேடித் தேடி அழித்தார். ஒன்றில் அவர் சாரத்துடன் தரையில் படுத்து மகனை வயிற்றின்மேல் நிறுத்தி வைத்திருந்தார். பின்னால் குசினியின் வெளிச்சம் வெளுத்துக் கிடந்தது. அந்த வெளிச்சத்துக்காக அந்தப் படம் போயிற்று. எனக்கு இன்றும் அதில் கோபம் இருக்கிறது என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

பின்னலை அவிழ்த்துப் பின்னச் சொன்னதை உங்கள் தாயார் பொறுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்தமுறை நீங்கள் கமராவைத் தூக்கினால் அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார். அதற்குப் பிறகு எந்த லென்ஸ் வாங்கியும் பயனில்லை.

இருட்டறைக் கிழவன் எழுதியது:

கொட்டாஞ்சேனையில் ஒரு கலர் லாப்பில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

அக்காலத்து மக்கள் தரம் பார்க்கவில்லை என்று எண்ண வேண்டாம். பார்த்தார்கள், படம் எடுப்பதற்கு முன்னால் பார்த்தார்கள். ஒரு சுருளில் 36 படங்கள். கவனமாகச் சுற்றினால் 37வது ஒன்றும் தேறும். அதற்கு மேல் இல்லை என்பதால், வெளிச்சம் போதுமா, எல்லாரும் கண்ணைத் திறந்திருக்கிறார்களா என்று பார்த்துப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்தினார்கள். எடுத்தபின் தெரிவு செய்ய அவர்களுக்கு வழியே இல்லை. சுருளைக் கொண்டுவந்து தருவார்கள், நாங்கள் 37.8 பாகை சூட்டில் மூன்றே கால் நிமிடம் டெவலப்பர் என்ற இரசாயனக் கரைசலில் வைத்துக் கழுவி, வரிசையாக எல்லாவற்றையும் அச்சிட்டு உறையில் போட்டுக் கொடுப்போம். ஆடியதும் மங்கியதும் அதில் சேர்ந்தே வரும். காசு கொடுத்து வாங்கிய படத்தை எவரும் கிழிப்பதில்லை. அதுவும் அல்பத்துக்குள் போய்விடும். உங்கள் வீட்டுப் பழைய அல்பங்களில் மங்கல் படங்கள் இருப்பதற்கு அந்தக் காலத்தவரின் பெருந்தன்மை காரணமன்று. அழிக்கும் பொத்தான் இல்லை, அதுதான் காரணம்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்கு வேறொரு வேலைதான் காரணம். வீட்டில் ஒருவர் காலமானால், அந்தியேட்டிச் சடங்குக்கு வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவு நூலின் முகப்புக்கு ஒரு படம் வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்குள் எவராவது எங்கள் கடைக்கு ஓடி வருவார். கையில் பெரும்பாலும் தேசிய அடையாள அட்டை இருக்கும். மற்றபடி, யாருடையதோ கலியாணத்தில் மூன்றாவது வரிசையில் பாதி முகம் தெரியும் படம் ஒன்று. இடப்பெயர்வில் அல்பங்களை விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு அதுவும் கிடைக்காது. பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை, பக்கத்தில் நின்றவரின் தோளை வெட்டி, வாளியை வெட்டி, விரல் நகமளவு முகத்தைப் பெருப்பித்துக் கொடுத்திருக்கிறேன். பெருப்பித்தால் முகத்தில் மணல் தூவியதுபோலத் தெரியும். மகன் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா இப்படித்தான் குனிவார்" என்றார். ஸ்ரூடியோவில் கதிரையில் நிமிர்ந்திருந்த படம் ஒன்றும் அவரிடம் இருந்தது; அது வேண்டாம் என்றுவிட்டார்.

ஆகையால் நான் செய்வது இது. எடுக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் குற்றம் பார்ப்பேன். எடுத்த நாளில் ஒன்றையும் அழிக்க மாட்டேன். ஓர் ஆண்டு கழித்து அமர்ந்து பார்த்தால், ஒரே மாதிரியான இருபது படங்களில் பதினெட்டை மனம் உறுத்தாமல் தூக்கி எறியலாம். மிஞ்சும் இரண்டு எவை என்பது எடுத்த அன்றைக்குத் தெரியாது.

தெஹிவளைத் தெற்கு எழுதியது:

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் மங்கலுக்கு இப்படி மாலை போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு சித்திரை வருடப்பிறப்புக்கும் கோயிலுக்குப் போய்விட்டு, மத்தியானம் வெளி வீதியில் குடும்பமாக நின்று ஒரு படம் எடுப்பது வழக்கம். கொழும்பு ஏறக்குறைய 7 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேலே வந்துவிடுகிறது; வருடப்பிறப்பின்போதும் அதிகம் விலகியிருக்காது. நெற்றியும் மூக்கும் வெளுத்து, கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கரிய குழிகளோடு, இருபது ஆண்டுகளாக நாங்கள் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். என் அம்மம்மாவின் கண்கள் பூனைக்கண்கள்; அந்த இருபதில் ஒன்றிலும் அது தெரியாது. அவர் இப்போது இல்லை.

குற்றம் பார்க்கும் கண் எனக்கு வந்த பிறகுதான், படத்தை மாலை ஐந்தரைக்குக் காலிமுகத்திடலுக்கு மாற்றினோம். கடலைப் பார்த்து எல்லாரையும் நிறுத்தினால், இறங்கும் சூரியன் முகத்தில் நேராக விழும். சற்றுப் பொறுத்து எடுத்தால் எவரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். "கடற்கரைக்கு வந்தும் படத்தில் கடல் இல்லையே" என்று அம்மா ஒவ்வோர் ஆண்டும் குறைப்படுகிறார், அது வேறு கதை. நண்பரே, உங்கள் கண்ணைக் குருடாக்கிக்கொள்ள வேண்டாம். பிறரை அலைக்கழிக்காமல் வெளிச்சத்தை மாத்திரம் தெரிவு செய்யுங்கள்.

வெள்ளவத்தைக் கரை எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ஞாயிறுக்குப் பின் அந்த அட்டையைத் தொடவே இல்லை என்பதால், மூன்று படங்களும் மீண்டு வந்தன.

இரண்டாவதில், அம்மா றிபனைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் பின்னலை இழுத்துப் பிடித்திருக்கிறார். மகள் எதையோ சொல்ல வாயைத் திறந்தபடி கண்களை மாத்திரம் மேலே உருட்டிப் பார்க்கிறாள். துவாய் வழக்கம்போல மிகத் தெளிவாக இருக்கிறது. குவியம் தவறிய படம் குவியம் தவறிய படம்தான். தெஹிவளைத் தெற்கு சொல்வதை ஏற்கிறேன், அந்தத் துவாய் இன்னமும் என்னை எரிச்சலூட்டுகிறது. ஆனால் மறுபடி எடுத்தவற்றில் றிபன் அம்மாவின் மடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நான் படம் எடுக்கிறேன் என்பதற்காக அதை வாயிலிருந்து எடுத்திருக்கிறார்.

மூன்றாம் மாடியின் கேள்விக்கும் தேடிப் பார்த்தேன். நான் இருப்பவை நான்கு. நான்கும் தங்கை அனுப்பியவை. அவற்றின் மூலப் படங்களை ஆவணமாக அனுப்பும்படி நேற்று இரவு அவளிடம் கேட்டேன். இவ்வளவு நாள் வாய் திறக்காதவனுக்கு இப்போது என்ன திடீர் அக்கறை என்று கேட்டுவிட்டு அனுப்பினாள்.

பெரியவரிடம் ஒரு கேள்வி. அந்தப் பின்னல் படத்தை ஐந்துக்கு ஏழு அளவில் அச்சிட்டு அம்மாவுக்குக் கொடுக்க எண்ணுகிறேன். பளபளப்புத் தாளா, மட் தாளா?

இருட்டறைக் கிழவன் எழுதியது:

மட். கண்ணாடி போட்டுச் சட்டத்துக்குள் வைப்பதென்றால் எதுவும் பரவாயில்லை, ஆனால் உங்கள் தாயார் அதைக் கையில் வைத்துத்தான் பார்ப்பார். பளபளப்புத் தாளில் விரல் அடையாளம் பதியும். துவாயை வெட்டச் சொல்லி அச்சிடுபவரிடம் கேட்காதீர்கள், அது போனால் கையும் சேர்ந்து போய்விடும்.