குபெர்னெட்டிஸில் டேட்டாபேஸ் வைத்தவர்கள் வாங்க, நடந்ததைச் சொல்லுங்க

கோபாலபுரம் களம்

மூன்று மாதம் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தேங்காய்க் களம். எடைமேடைக் கணக்குக்காக குபெர்னெட்டிஸில் (பல மெஷின்களை ஒரே கிளஸ்டராகச் சேர்த்து கண்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்) போஸ்ட்கிரஸ் 16 டேட்டாபேஸ் போட்டுக் கொடுத்தேன். டேட்டா வைத்திருக்கும் நிரல்களை ஓட்டுவதற்கான ஸ்டேட்ஃபுல்செட், நிலையான டிஸ்க் இடம் கேட்டு வாங்கும் பிவிசி எல்லாம் உண்டு. 19 நாள் ஒரு குறையும் இல்லை. இருபதாம் நாள் கெர்னல் அப்டேட்டுக்காக நோடை (கிளஸ்டரில் ஒரு மெஷின்) ரீபூட் செய்தேன். பாட் (கண்டெய்னர் ஓடும் உறை) எழுந்தது, ‘ரன்னிங்’ என்று காட்டியது. உள்ளே போய் டேபிள் பட்டியல் கேட்டேன். ஒன்றுமே இல்லை.

வால்யூமை ‘போஸ்ட்கிரஸ்க்யூஎல்’ ஃபோல்டரில் மவுண்ட் செய்திருந்தேன். அதற்குள் இருக்கும் ‘டேட்டா’ ஃபோல்டரை 16-இன் இமேஜ் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) தனி வால்யூமாக அறிவித்து வைத்திருக்கிறது. எழுதியதெல்லாம் அந்தத் தற்காலிக இடத்துக்குப் போயிருக்கிறது. கண்டெய்னர் போனதும் அதுவும் போய்விட்டது. என் பிவிசியில் காலியான ‘டேட்டா’ ஃபோல்டர் மட்டும் கிடந்தது.

களத்துக் கணக்குப்பிள்ளை ஒரு வார்த்தை திட்டவில்லை. கம்பியில் குத்தி வைத்திருந்த எடைச்சீட்டுகளை உருவி மேசையில் வைத்தார். “முதல் சீட்டுல இருந்து ஆரம்பிக்கலாங்களா தம்பி?” பாதிச் சீட்டில் லாரிக்காரர் பெயர் மலையாளத்தில். அவர் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். ஒவ்வொரு சீட்டின் நடுவிலும் அந்தக் கம்பி ஓட்டை.

நகரி தறி

எனக்கு டேட்டா போகவில்லை, ஆனால் போய்விட்டது என்றே நினைத்தேன். நகரியில் தறிக்காரர்களுக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்கும் இடம். கே3எஸ் என்ற சின்ன குபெர்னெட்டிஸ், இரண்டு பழைய மெஷின். கரண்ட் போய் வந்தது. பாதியில் நின்றதைச் சரிசெய்ய போஸ்ட்கிரஸ் ரெகவரியில் இறங்கியது. நான் வைத்திருந்த லைவ்னெஸ் புரோப் 10 விநாடிக்கு ஒருமுறை கேட்கும், மூன்று முறை பதில் வராவிட்டால் கொன்றுவிடும். ரெகவரி நடக்கும்போது பதில் எப்படி வரும்? கொன்றது. மறுபடி முதலிலிருந்து ரெகவரி. மறுபடி கொன்றது.

ரீஸ்டார்ட் எண்ணிக்கை 6, 7, 8 என்று ஏறுகிறது. வெளியே ஒவ்வொரு தறியாக ஓட ஆரம்பிக்கும் சத்தம் கேட்கிறது. முதலாளி ஆட்களிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு, என்னிடம் வந்து தமிழில் “உங்களுது மட்டும் இன்னும் கிளம்பலையா?” என்றார். புரோபை எடுத்துவிட்டேன், நான்கு நிமிடத்தில் தானாக எழுந்தது. இப்போது, எழுந்து முடியும் வரை லைவ்னெஸைக் காத்திருக்க வைக்கும் ஸ்டார்ட்அப் புரோப் இல்லாமல் எதையும் ஏற்றுவதில்லை.

செங்கோட்டை

கோபாலபுரம் அண்ணே, நீங்கள் மவுண்ட் செய்த இடம் தவறு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. 18-இன் இமேஜில் அந்த மேல் ஃபோல்டர்தான் சரியான இடம், டேட்டா அதற்குள் ‘18’ என்ற ஃபோல்டரில் போய் உட்காரும். வெர்ஷனைச் சேர்த்துச் சொல்லுங்கள், யாராவது படித்துவிட்டு மாற்றிவிடப் போகிறார்கள்.

என் கதை சின்னது. டெஸ்ட் என்று நினைத்து ஒரு நேம்ஸ்பேஸை (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பிரிவு) டெலீட் செய்தேன், பிவிசியும் அதன் டிஸ்க்கும் சேர்ந்தே போயின.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். ஸ்டோரேஜ் கிளாஸில் (டிஸ்க்கை எப்படி உருவாக்குவது என்ற அமைப்பு) ரிக்ளெய்ம் பாலிசி (பிவிசி போனபின் டிஸ்க்கை என்ன செய்வது என்பது) எதுவும் எழுதாவிட்டால் அது ‘டெலீட்’தான். ‘ரீடெயின்’ என்று மாற்றுங்கள். பேக்கப்பை அதே கிளஸ்டரில் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பாருங்கள்; செய்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. 137 என்ற எண்ணோடு (வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டது என்று பொருள்) கண்டெய்னர் செத்தால் முதலில் மெமரி லிமிட்டைப் பாருங்கள். பாட் மூட 30 விநாடிதான் தரப்படும், பெரிய டேட்டாபேஸுக்கு அது போதாது, கூட்டி வையுங்கள். கையால் யாம்ல் அமைப்பு ஃபைல் எழுதுவதைவிட, டேட்டாபேஸைத் தானே பார்த்துக்கொள்ளும் கிளவுட்நேட்டிவ்பிஜி போன்ற ஆபரேட்டர் மேல். அதைவிட மேல், ஒற்றை டேட்டாபேஸ் மட்டும் இருக்கிற இடத்தில் கிளஸ்டரே வேண்டாம். தனி மெஷினில் போடுங்கள்.

கோபாலபுரம் களம்

வெர்ஷன் 16 என்று முதலிலேயே எழுதியிருக்கிறேன். கிளஸ்டர் வேண்டாம் என்பதையும் ஒப்புக்கொள்ள முடியாது. களத்தில் ஒரு மெஷின் செத்தால் லாரி வரிசை வாளையார் வரை நிற்காது என்றாலும், காய் ஏற்றி வந்தவர் இரவு முழுக்க அங்கேயே கிடக்க வேண்டும். அதற்காகத்தான் மூன்று நோடு.

கம்பம் ஏலக்காய்

சண்டை வேண்டாங்க. நான் ஸ்டேட்ஃபுல்செட் கூடப் போடவில்லை, புதிய பாடை எழுப்பிவிட்டுப் பழையதை நிறுத்தும் டிப்ளாய்மென்ட்தான். டிஸ்க்குக்கு ‘ரீட்ரைட்ஒன்ஸ்’ என்று கொடுத்தால் ஒரு பாட் மட்டும் அதைத் தொடும் என்று நம்பியிருந்தேன். ஒரு நோடு என்றுதான் அதற்கு அர்த்தம். இமேஜை மாற்றியபோது பழைய பாட் போகும் முன்பே புதியது அதே நோடில் எழுந்தது. இரண்டு போஸ்ட்கிரஸ், ஒரே ஃபோல்டர். பூட்டு ஃபைலில் பழையதின் பிராசஸ் எண் 1. புதியதும் தன் கண்டெய்னருக்குள் 1. தன்னுடைய பழைய ஃபைல் என்று நினைத்து உள்ளே போய்விட்டது.

மறுநாள் காலை கடைக்காரர் திரையைக் காட்டினார். ஒரே லாட் எண், இரண்டு வரி, இரண்டு விலை. லாட் எண் இருக்கும் நெடுவரிசைதான் பிரைமரி கீ, அதில் ஒரே எண் இரண்டு முறை வரவே கூடாது. மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் இரண்டு வரி வந்தது. குமுளியிலிருந்து மூட்டையோடு வந்தவர் கவுண்டரில் நின்றுகொண்டு, “இதுல எதுண்ணே என் விலை?” என்று கேட்டார்.