சொந்தமாக இசையமைத்த பாட்டு யூடியூபில் ஓடுகிறது: ராயல்டியை எங்கே, எப்படி வாங்குவது?

ஹட்டிப்பாட்டு, கோத்தகிரி

வணக்கம். படுக மொழியிலயும் தமிழ்லயும் ஆல்பம் பாட்டுக்கு இசையமைக்கிறேன். கம்பெனி எதுவும் கிடையாது. மெட்டு என்னுது, வரி ஒரு நண்பர் எழுதுறார், ரெக்கார்டிங் செலவும் என்னுது. பாட்டு என் சேனல்ல இருக்கு, டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை இசைத் தளங்கள்ல ஏத்திக் கொடுக்கிற நிறுவனம்) வழியா மத்த தளங்களுக்கும் போயிருக்கு. ஊட்டி, கொடநாடு பக்கம் ட்ரோன் வீடியோ போடுறவங்க, கல்யாண வீடியோ எடிட் பண்றவங்க எல்லாம் அதையே பின்னணியில போடுறாங்க. போடட்டும், சந்தோஷம்தான். ஆனா அந்த வீடியோல வர்ற விளம்பரப் பணத்துல இசையமைப்பாளருக்கு ஒரு பங்கு உண்டுங்கிறாங்களே, அது எங்க போகுது? கூகுளோட ஆட்சென்ஸ் கணக்குல வர்றதுதான் அதுவா? ஐபிஆர்எஸ்ங்கிற ராயல்டி வசூல் சங்கத்துல சேர்ந்தா போதுமா?

சுருதிப்பெட்டி, குன்னூர்

ஆட்சென்ஸ் வேறு, நீங்கள் கேட்கிற பணம் வேறு. சட்டப்படி ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடி, வாசித்து, பதிவுசெய்த ஒலி இன்னொன்று. ஆட்சென்ஸில் வருவது சேனல்காரருக்கான விளம்பரப் பங்கு. வழக்கமான நீள வீடியோ என்றால் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம், ஷார்ட்ஸ் என்றால் 45. பதிவு ஒலிக்கான பணம் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக வரும். மெட்டுக்கும் வரிக்குமான பணம் இந்த இரண்டு வழியிலும் வராது. அதற்குத்தான் ஐபிஆர்எஸ்.

1969-ல் தொடங்கிய சங்கம் அது. தலைமையகம் மும்பை. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2017-ல் பதிப்புரிமைச் சங்கமாக மறுபடி பதிவானது. பொதுவில் ஒலிபரப்பும் உரிமை, நகலெடுக்கும் உரிமை இரண்டுக்கும் இணையத் தளங்களுக்கு உரிமம் கொடுத்துப் பணம் வாங்கி, உறுப்பினர்களுக்குப் பிரித்துத் தருகிறது. வெளிநாட்டுச் சங்கங்களோடு ஒப்பந்தம் இருப்பதால் துபாயிலோ லண்டனிலோ உங்கள் பாட்டு ஓடினாலும் அங்கிருந்து இதே வழியாக வந்து சேரும். ஆகவே தனியாக ஒரு வெளிநாட்டுச் சங்கத்திலும் அதே உரிமையைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே படைப்பை இரண்டு சங்கம் கோரினால், தகராறு தீரும்வரை பணம் இருவருக்கும் நிற்கும்.

பங்கு பிரிப்பது இப்படி: இசையமைப்பாளருக்கு 25, பாடலாசிரியருக்கு 25, உரிமையாளருக்கு அல்லது பதிப்பாளருக்கு 50 சதவீதம். கணக்குக்காக ஒரு பாட்டுக்கு 1,000 ரூபாய் வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 250 உங்களுக்கு, 250 நண்பருக்கு. மீதி 500 யாருக்கு என்பதுதான் கேள்வி. கம்பெனிக்கு எழுதிக் கொடுக்காதவரை மெட்டுக்கு நீங்களும் வரிக்கு அவரும்தான் உரிமையாளர்கள். அந்த 500-ஐ எப்படிப் பிரிப்பது என்று இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டு, அதன்படியே பதிவு செய்யுங்கள். ரெக்கார்டிங் செலவு செய்ததால் வரியின் உரிமை தானாக உங்களுடையது ஆகிவிடாது. வரியே இல்லாத வாத்திய இசை என்றால் பாதி இசையமைப்பாளருக்கு, பாதி உரிமையாளருக்கு.

உங்கள் நண்பரும் தனியாக உறுப்பினர் ஆக வேண்டும். நீங்கள் சேர்ந்துவிட்டதால் அவர் பங்கு உங்கள் கணக்கில் வராது.

ஹட்டிப்பாட்டு, கோத்தகிரி

ரொம்ப நன்றி அண்ணா. சேர்ந்தப்புறம் ஒவ்வொரு பாட்டையும் தனியா பதியணுமா? யூடியூப்ல இருக்கிறதை அவங்களே எடுத்துக்க மாட்டாங்களா?

சுருதிப்பெட்டி, குன்னூர்

மாட்டார்கள் தம்பி. பலருக்கும் பணம் வராமல் போவது இந்த இடத்தில்தான். உறுப்பினர் ஆனதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். தளம் தருவது லட்சக்கணக்கான பாட்டுகள் கொண்ட ஒரு பட்டியல். அதில் இருக்கும் பாட்டை, பதிவான படைப்புகளோடு கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் அந்தப் பணம் பெயர் இல்லாத பணமாகக் கிடக்கும்.

சங்கத்தில் சேர்வதற்கு பான் அட்டை, முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை, புகைப்படம், வெளியான பாட்டுகளின் விவரம் கையில் இருக்கட்டும். உறுப்பினர் ஆனபின் ஐபிஐ என்று ஓர் எண் கிடைக்கும். உலகம் முழுக்க உங்களை அடையாளம் காட்டுவது அதுதான். பாட்டைப் பதியும்போது உங்கள் ஐபிஐ, பாடலாசிரியரின் ஐபிஐ இரண்டையும் போடுங்கள். பெயரை மட்டும் போட்டால் அதே பெயரில் இருக்கும் வேறொருவருக்குப் போக வாய்ப்புண்டு.

படைப்புக்கு ஐஎஸ்டபிள்யூசி என்ற எண் வரும், 'டி' எழுத்தில் தொடங்கும். பதிவு ஒலிக்கு ஐஎஸ்ஆர்சி, மொத்தம் 12 எழுத்தும் எண்ணும். இது டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்திலேயே இருக்கும். இந்த இரண்டையும் இணைப்பது உங்கள் வேலை: படைப்பைப் பதியும் படிவத்தில் ஐஎஸ்ஆர்சியைக் கட்டாயம் நிரப்புங்கள். கரோக்கி, ரீமிக்ஸ், திரும்பப் பாடிய வடிவம் ஒவ்வொன்றுக்கும் வேறு ஐஎஸ்ஆர்சி. அதையும் சேர்க்க வேண்டும்.

தலைப்பில் கவனம். ஆங்கில எழுத்தில் நீலகிரி என்பதையே மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். படுகச் சொற்களுக்குக் கேட்கவே வேண்டாம், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். யூடியூபில் ஒன்று, டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஒன்று, சங்கத்தில் ஒன்று என்று இருந்தால் பொருந்தாது. ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். வெளியே புழங்கும் மற்ற வடிவங்களை மாற்றுத் தலைப்பு என்ற இடத்தில் கொடுங்கள். நீளத்தையும் நிமிடம், விநாடியோடு சரியாகப் போடுங்கள்.

இத்தனையும் வெளியீட்டுக்கு முன்னால் முடிந்திருந்தால் நல்லது. பாட்டு பரபரப்பாக ஓடுகிற முதல் சில வாரங்களின் கணக்கு பிறகு முழுசாகத் திரும்பி வரும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

ஃபேடர், ஊட்டி

ட்ரோன் வீடியோ, கல்யாண வீடியோ பக்கம் ஒரு விஷயம் சேர்த்துச் சொல்றேன். அடுத்தவங்க சேனல்ல உங்க பாட்டு இருக்குன்னு யூடியூப் கண்டுபிடிக்கிறது கன்டென்ட் ஐடி மூலமா. அதுக்கு உங்க ஒலி மாதிரிக் கோப்பா உள்ள இருக்கணும். தனி ஆளுக்கு நேரடியா அந்த வசதி பெரும்பாலும் தரமாட்டாங்க, டிஸ்ட்ரிபியூட்டர் வழியாத்தான். நிறைய பேர் பாட்டை ஏத்தும்போது அந்த ஒரு கட்டத்தை டிக் பண்றதில்ல. சங்கத்துல படைப்பு பதிவாகியிருந்தாலும், ஒலி அடையாளம் உள்ள இல்லன்னா அடுத்தவங்க வீடியோல உங்க மெட்டு இருக்கிறது பெரும்பாலும் கணக்குலயே ஏறாது.

மூணு விதமா நடவடிக்கை வைக்கலாம்: தடுக்கிறது, விளம்பர வருமானம் எடுக்கிறது, வெறுமனே கணக்கு மட்டும் பார்க்கிறது. தடுக்காதீங்க. வருமானம் எடுக்கிறதை வைங்க, அவங்க வீடியோவும் இருக்கும், உங்களுக்கும் பங்கு வரும். உங்க சொந்த சேனலை விலக்குப் பட்டியல்ல சேர்க்கச் சொல்லுங்க, இல்லன்னா உங்க பாட்டுக்கு உங்க சேனல்லயே உரிமைக் கோரிக்கை விழும்.

பெரிய சிக்கல் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடுற ரெடிமேட் ஒலித்துண்டு. விலைக்கு வாங்கின சாம்பிள் பேக்ல இருந்து ஒரு தாள லூப்பையோ தம்புரா சுருதியையோ அப்படியே முதல் 20 விநாடிக்குத் தனியா ஓடவிட்டீங்கன்னா, அதே லூப்பை வாங்கின இன்னொருத்தர் பாட்டையும் கன்டென்ட் ஐடி உங்க பாட்டுன்னு பிடிக்கும். அவர் ஆட்சேபம் போடுவார். ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல 30 நாள், மேல்முறையீடுன்னா 7 நாள்தான். தப்பான கோரிக்கை அடிக்கடி வந்தா டிஸ்ட்ரிபியூட்டர் உங்க பாட்டையே எடுத்துடுவார். வாங்கின லூப் தனியா கேட்கிற இடம் இருந்தா அது மேல உங்க சொந்த வாசிப்பு ஒண்ணு ஏறணும். இல்ல அந்தப் பாட்டை கன்டென்ட் ஐடிக்கு அனுப்பாம விட்டுடுங்க. அதுக்காக சங்கப் பதிவை விடவேண்டாம், அது வேற கணக்கு.

வருமான வரி விஷயம் சுருக்கமா: ஆட்சென்ஸ்ல அமெரிக்க வரிப் படிவத்தை பான் எண்ணோட நிரப்புங்க. அமெரிக்கப் பார்வையாளர்கள்ட்ட இருந்து வர்ற வருமானத்துக்கு மட்டும் 15 சதவீதம் பிடிப்பாங்க. நிரப்பலன்னா மொத்த வருமானத்துலயும் 24 வரைக்கும் போகும். 10 டாலர் சேர்ந்ததும் முகவரிச் சரிபார்ப்பு எண் தபால்ல வரும். ஹட்டில (படுகர் ஊர்ல) இருக்கிறவங்க ஹட்டி பேர், அஞ்சலகம், கோத்தகிரி பின்கோடு 643217 மூணையும் தெளிவா போடுங்க. நாலு மாசத்துக்குள்ள எண்ணை உள்ளிடலன்னா விளம்பரம் நின்னுடும். சங்கத்துல இருந்து வர்ற ராயல்டிக்கு 10 சதவீதம் டிடிஎஸ், அது கணக்குத் தாக்கல்ல திரும்பக் கேட்கக்கூடியது.

பச்சைத்தேயிலை, கூடலூர்

ஒப்பந்தம் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆல்பம் தயாரிக்கிறோம் என்று வருகிறவர்கள் நீட்டும் தாளில் "எல்லா உரிமையும் நிரந்தரமாக" என்ற வரி இருக்கும். பதற வேண்டாம், ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

1977-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, படத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு இசையமைத்தால் உரிமை தயாரிப்பாளருக்கே என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. 2012 திருத்தம் அதை மாற்றியது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை இசையமைப்பாளரோ பாடலாசிரியரோ விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதைக் கொடுக்கலாம். திரைப்படத்தில் ஒரு விலக்கு: படத்தோடு சேர்த்துத் தியேட்டரில் ஓடுவதற்கு இது கிடையாது. அதே பாட்டு இணையத்தில் ஓடினால் உண்டு. ஆல்பம் பாட்டுக்கு அந்த விலக்கும் இல்லை.

காலம் எழுதாத ஒப்பந்தம் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாதது இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஒப்பந்தம் போடும்போது புழக்கத்தில் இல்லாத ஊடகம், பெயர் சொல்லி எழுதப்படாவிட்டால் அதில் அடங்காது. 2012-க்குப் பிந்தைய தாள்களுக்கு இதை நம்பிப் பேசலாம். கேசட் காலத்துத் தாள் வைத்திருப்பவர்கள் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு மேலே போங்கள்.

ரிசார்ட் விளம்பரத்துக்கு இசை கேட்டால், படத்தோடு சேர்க்கும் அனுமதிக்கு ஒரு தொகை முன்னதாக வாங்குங்கள். "ஒலிபரப்பு ராயல்டி சங்கம் வழியாக, இத்தொகையில் சேராது" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இணையத் தொடர் என்றால் க்யூ ஷீட் கேளுங்கள்: எந்தக் காட்சியில், எத்தனை விநாடி, பின்னணியா பாடலா, யார் இசை என்ற பட்டியல். தயாரிப்பு நிறுவனம்தான் அதை அனுப்ப வேண்டும். நீங்கள் ஒரு பிரதி வாங்கி வைக்காவிட்டால் பின்னணி இசைக்குக் கணக்குக் கேட்க ஆதாரம் இருக்காது.

குறிஞ்சி, கோத்தகிரி

தம்பி, ஒன்று கட்டாயம் கேட்க வேண்டும். உங்கள் பாட்டுகளில் படுகர்கள் கும்பிடும் ஹெத்தை அம்மன் பாட்டு மாதிரி மரபு மெட்டு இருக்கிறதா? அதை உங்கள் சொந்த மெட்டு என்று பதிந்தால், நாளைக்குப் பேரகணியிலோ வேறு ஹட்டியிலோ யாரோ ஒரு பாட்டி பாடி, பேத்தி அதைப் போனில் எடுத்து ஏற்றினால், அந்த வீடியோமேல் உங்கள் பெயரில் கோரிக்கை போய் விழும். ஊர்ச் சொத்தைத் தனி ஆள் பெயரில் எழுதியது ஆகிவிடும். சட்டப்படியும் நிற்காது.

கோத்தர் பழங்குடியினரிடம் கொல் என்ற ஊதுகருவி, பறை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்திருந்தால், வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை இருக்கிறது, 50 ஆண்டு காலம். எந்தப் பாட்டு, எந்தப் பயன்பாடு, எவ்வளவு தொகை, பிறகு வருவதில் என்ன பங்கு என்று தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்குங்கள். கையில் ஒரு தொகையைக் கொடுத்து முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஹட்டிப்பாட்டு, கோத்தகிரி

அக்கா, ரெண்டு பாட்டுல பல்லவி மரபு மெட்டுதான். சரணம் நான் போட்டது. அதை எப்படிப் பதியிறது?

சுருதிப்பெட்டி, குன்னூர்

இசையமைப்பாளர் இடத்தில் பல்லவிக்கு மரபு என்றும், சரணத்துக்கு உங்கள் பெயரும் வரவேண்டும். மரபு மெட்டுக்கு நீங்கள் செய்த வாத்திய அமைப்புக்கு அரேஞ்சர் என்ற பொறுப்பைத் தேர்ந்தெடுங்கள், படிவத்தில் 'ஏஆர்' என்று இருக்கும். முழுப் பங்கு வராது, குறையும். சொந்த மெட்டு என்று ஏற்கெனவே பதிந்திருந்தால் திருத்தக் கோரிக்கை அனுப்பலாம். அந்த இரண்டு பாட்டையும் கன்டென்ட் ஐடிக்கு அனுப்பும் முன், பல்லவியை வெறும் குரலில் பாடும் இடம் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இருந்தால் அனுப்பாதீர்கள்.